கைக்கு முன் கோல்

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் கருத்து. கடலில் கலம் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோனை மணிமேகலா தெய்வம் காத்த கதையை நாம் அறிவோம். ஆதிரையின் கணவன் சாதுவனோ, கலம் உடைந்தபோது ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக் கரை சேர்ந்தான். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அந்த மரத்துண்டின் கதையே என்பேன்.

நயினாதீவுக்குத் தரைவழி இல்லை. குறிகட்டுவான் துறையில் படகேறியே செல்ல வேண்டும். கடலும் கேணியும் கிணறும் சூழ வளரும் பிள்ளைகள் நீந்தப் பழகுவது நன்றே. ஆயினும் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு வேறோர் ஆபத்து உண்டு. தோழன் மூழ்கக் கண்டால் அன்பின் மிகுதியால் அது தானும் குதித்துவிடும். மூச்சுக்குத் தவிப்பவனோ கைக்கு எட்டியதை இறுகப் பற்றிக் கீழே அழுத்துவான். அது உடன்பிறந்தான் தோள் என்பதை அவன் கை அறியாது. ஓருயிரைக் காக்கச் சென்று ஈருயிர் போவது இவ்வாறுதான்.

தாய்லாந்தில் பள்ளிச் சிறுவர்க்கு மூன்றே சொற்களில் இதைக் கற்பிக்கின்றனர். தமிழில் அவற்றைக் கூவு, எறி, நீட்டு எனலாம். முதலில் பெரியோரை உரக்கக் கூவி அழைக்க வேண்டும். மூழ்குகிறவனால் பெரும்பாலும் கூவ இயலாது. அடுத்து, மிதக்கும் பொருளை எறிய வேண்டும். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன் போதும், கயிறு கட்டியிருந்தால் மிக நன்று. அருகில் இருப்பின் நீண்ட கோலையோ சேலையையோ நீட்டி இழுக்கலாம். அப்போது நிற்காமல் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். எந்நிலையிலும் நீரில் இறங்கலாகாது.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலோடு பாதுகாப்பாக மீட்கும் முறையையும் கற்பிக்குமாறு அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பாடசாலை முற்றத்தில் ஒரு கோடு கிழித்து, அதனைக் கரையெனக் கொண்டு, கயிறு கட்டிய கலனை எறிந்து பழகினால் போதும்.

குதிப்பதே வீரம் என்று கதைகளில் படித்து வளர்ந்தோம். கரையில் நின்று கயிறெறியும் சிறுமியும் வீராங்கனையே என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும். அவள் தோழனும் பிழைப்பான். அவளும் வீடு திரும்புவாள்.