தோளிலே துண்டு; தறியிலே யார்?

பொதுக்கூட்ட மேடையிலே தலைவர்கள் தோளில் துண்டு விழுகிறது, கையொலி எழுகிறது. அந்தத் துண்டு எந்தத் தறியில் நெய்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? பாலியெஸ்டர் துண்டைப் போர்த்திவிட்டு, "நெசவாளர் வாழ்க!" என்று முழங்குவதிலே பொருள் என்ன, தோழர்களே?

1953-ம் ஆண்டை நினைவூட்டுகிறோம். கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் வாடிய காலம் அது. அண்ணா துணியைத் தோளில் சுமந்து திருச்சி வீதிகளிலே விற்றார். கழகத் தோழர்கள் பல ஊர்களிலும் விற்றனர். அது பிச்சையிடுதல் அல்ல. உழைப்புக்கு விலை தேடித் தந்த பணி!

இன்று நிலை என்ன? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் இத்தொழிலில் உள்ளோர் 35 லட்சம் பேர். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருவாயில் வாழ்ந்தன. அதுவும் ஒருவர் உழைப்பா? கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றுகிறாள். பாவு தோய வீடே தெருவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் பாவு காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். நெய்தால்தான் கூலி, நாடா நின்றால் அடுப்பும் நிற்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1985-ல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டப்படி சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகளில் குறிப்பிட்ட ரகங்கள் கைத்தறிக்கே உரியவை. ஆனால் விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரைச் சூட்டிக்கொண்டு கடையேறுகிறது. விலையில் தோற்றுப்போவது யார்? தறிக்குழியில் கால் வைத்தவன்தான். அவன் குரலைக் கேட்க இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் 2020-ல் ஒன்றிய அரசு கலைத்துவிட்டது!

விசைத்தறித் தொழிலாளியும் நம் தோழனே. அவன்மீது நமக்குப் பகையில்லை. பெயரை மாற்றி விற்கும் வாணிபத்தின்மீதுதான் பகை.

ஆகவே கேட்கிறோம்: ஒதுக்கீட்டுச் சட்டம் ஏட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வரட்டும். சிட்டா நூல் கட்டுபடியாகும் விலையில் தடையின்றிக் கிடைக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்களில் கூலி நிலுவையில் நிற்காதிருக்கட்டும்.

அரசைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்குத் துண்டும் கரை வேட்டியும் எங்கே வாங்கப் போகிறோம்? நெசவாளர் சங்கம் இருக்கிறது. 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

விலை அதிகம் என்பீர்கள். உண்மைதான். பத்துத் துண்டு போர்த்தும் மேடையில் மூன்று போதும். அந்த மூன்றும் கைத்தறியாக இருக்கட்டும். மேடையின் பெருமை குறையாது. ஒரு வீட்டில் அடுப்பு எரியும்!