பார்சலில் ஆறிப்போன பரோட்டா... சிங்கப்பூரில் சுடச்சுட!

விருதுநகரில் பொழுது சாய்ந்ததும் ஊரின் வாசனையே மாறிவிடும். பகல் முழுக்க மார்க்கெட் பக்கம் மிளகாய் வத்தலும் பருப்பும் நல்லெண்ணெயும் மணக்கும். இருட்டத் தொடங்கினால் பரோட்டாக் கல்லில் எண்ணெய் காயும் வாசனைதான். 'பர்மா கடை' என்ற பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்களுக்கும் நாக்கில் எச்சில் ஊறும் அளவுக்கு இந்த ஊரின் எண்ணெய் பரோட்டா பிரபலம்.

மற்ற ஊர் பரோட்டா கல்லில் வெந்து, இரண்டு பக்கமும் தட்டுப்பட்டு இலைக்கு வந்துவிடும். விருதுநகர் பரோட்டாவுக்கு இன்னொரு கண்டம் பாக்கி இருக்கிறது. நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் பொரிந்து சிவந்துதான் அது வெளியே வர வேண்டும். இலையில் விழுந்ததும் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அது வேறு பரோட்டா.

இந்த ஐந்து நிமிடக் கணக்கில்தான் பல வீட்டு அம்மாக்கள் தோற்றுப்போனார்கள்.

அப்பா கொண்டுவந்த பொட்டலம்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அச்சகம் என எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்குக் கையில் காசு புரளும். அப்பாக்கள் நண்பர்களோடு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் பார்சல் கட்டி வாங்கி வருவார்கள். வாழை இலைக்குள் பரோட்டா, தனியாகக் கட்டிய சால்னா, கொஞ்சம் வெங்காயம்.

தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து, பிய்த்துப் போட்டு, ஊட்டிவிட்டு, கடைசியில் மிச்சம் இருப்பதை அம்மா சாப்பிடுவார். அதற்குள் பரோட்டா ஊறிக் களியாகியிருக்கும். பரோட்டாக் கடைக்குள் பெண்கள் போய் உட்காருவது அன்றைக்கு வழக்கமில்லை. மொறுமொறுப்புக்குப் பேர்போன ஊரில் வாழ்க்கைப்பட்டும், அந்த மொறுமொறுப்பை ஒருநாளும் அறியாத பெண்கள் எத்தனையோ பேர்.

கல்கத்தா முதல் சிங்கப்பூர் வரை

பிழைப்புக்காகவும் தொழில் கற்கவும் தூர தேசம் போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவுக்கார இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு தீப்பெட்டியும், பின்னாலேயே பட்டாசும் அச்சும் சோறு போட்டன.

அந்தத் தொழில்களில் சம்பாதித்த காசு கல்லூரிகளாகவும் மாறியது. சிவகாசியில் 1984-ல் மெப்கோ ஷ்லெங்க், விருதுநகர் அருகே 1998-ல் காமராஜ் பொறியியல் கல்லூரி எனத் தொடங்கப்பட்ட பிறகு, தீப்பெட்டி ஒட்டிய கைகளின் பிள்ளைகள் இன்ஜினீயர்கள் ஆனார்கள். கரிமருந்துப் பக்கமே பிள்ளை போகக் கூடாது என்பதுதான் அந்தப் பெற்றோரின் ஒரே வேண்டுதல். வெடி விபத்துச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அந்த வேண்டுதல் இன்னும் இறுகும். அப்படிப் படித்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று சிங்கப்பூர்.

"காலங்காத்தால பரோட்டாவா?"

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் அம்மா விமானம் ஏறுவார். பெட்டியில் சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வத்தல், பேறுகால மருந்துப் பொடி எல்லாம் ஏறும். ஊரே செய்கிற பட்டாசு மட்டும் ஏறாது.

அங்கே போனதும் முதல் அதிர்ச்சி காலையில் காத்திருக்கும். நம் ஊரில் பரோட்டா ராத்திரிச் சாப்பாடு. சிங்கப்பூரில் 'பிராட்டா' காலைப் பலகாரம்! தேக்கா சென்டரிலும், குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கும் உணவங்காடிகளிலும் வேலைக்குக் கிளம்பும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிடுகிறார்கள். மாவை வீசி, மெல்லிய துணி போல விரித்து, மடித்துக் கல்லில் போடுகிறார்கள். எதுவும் வைக்காத வெறும் பிராட்டாவுக்கு 'கோசோங்' என்று பெயர். மலாய் மொழியில் 'காலி' என்று அர்த்தம். தொட்டுக்கொள்ள மீன் குழம்போ பருப்புக் குழம்போ வரும். சீனியைத் தொட்டுச் சாப்பிடுபவர்களும் உண்டு.

"சால்னா இல்லாம இதென்ன பரோட்டா?" என்று அம்மா சலித்துக்கொள்வார். ஆனால், அங்கே இன்னொன்றும் நடக்கிறது. தட்டு முதலில் அம்மா முன்னால் வைக்கப்படுகிறது. "ஆறிடப் போகுதும்மா, நீ சாப்பிடு. பிள்ளைய நான் வச்சுக்கிறேன்" என்கிறாள் மகள். கல்லிலிருந்து நேராக வந்த பரோட்டாவை, யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல், உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுவது சில அம்மாக்களுக்கு அதுதான் முதல் தடவை.

குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவது அங்கே பண்டிகை இல்லை, அன்றாடம். அந்த உணவங்காடிக் கலாசாரத்தை 2020-ல் யுனெஸ்கோவே மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சத்தமில்லாத தீபாவளி

தீபாவளிக்கு சிங்கப்பூரில் அரசு விடுமுறை உண்டு. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம் ஜொலிக்கும். வெடிச் சத்தம் மட்டும் இருக்காது. 1970-ல் சீனப் புத்தாண்டு சமயத்தில் பட்டாசு விபத்துகளில் ஆறு பேர் இறந்தார்கள். அதையடுத்துக் கட்டுப்பாடுகள் வந்து, 1972-ல் பட்டாசுக்குத் தடைச் சட்டமே வந்துவிட்டது.

நாடு முழுக்க வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் ஊரின் பேரப்பிள்ளைகளுக்கு, தீபாவளி வெடி என்பது போனில் பார்ப்பதுதான். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 மணி வரை வெடிக்க அனுமதி. அப்போது சிங்கப்பூரில் எட்டரை மணி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்புமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, சிவகாசித் தெருவிலிருந்து தாத்தா வீடியோ காலில் சரம் கொளுத்திக் காட்டுகிறார். "இன்னொண்ணு, தாத்தா!" என்று திரைக்குள்ளிருந்து குரல் வருகிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பும் பயமும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகாவது யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பங்குனிக்கு ஊர் திரும்பினால்...

தீபாவளிக்கு வர முடியாதவர்கள்கூட பங்குனிப் பொங்கலுக்கு லீவு சொல்லிவிடுவார்கள். பராசக்தி மாரியம்மன் கோயில் கொடியேறினால் விருதுநகர் வேறு ஊர். அக்கினிச் சட்டி, தேர், பொருட்காட்சி என்று தெருவெல்லாம் தலைகளாக இருக்கும். மதுரையில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வீடு.

முன்பெல்லாம் அந்த நாள்களில் "பரோட்டா வாங்கிட்டு வரவா?" என்று அப்பா சட்டையை மாட்டுவார். இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த மகள் முந்திக்கொள்கிறாள். "பார்சல் வேணாம்ப்பா. எல்லாரும் போய் உக்காந்து சாப்பிடுவோம்."

கடைகளிலும் இப்போது குடும்பமாக உட்கார இடம் இருக்கிறது. ஏ.சி. ஹாலும் வந்துவிட்டது. இலை போட்டதும் பழக்கதோஷத்தில் அம்மா பேரனுக்குப் பிய்த்துப் போடக் கையை நீட்டுவார். "அவனுக்கு நான் போடுறேன். முதல்ல உனக்கு" என்று மகள் அந்தக் கையை நகர்த்திவிட்டு, பரோட்டாவை நொறுக்கி, சால்னாவை ஓரமாக ஊற்றுகிறாள். அம்மா வாயில் அது நொறுங்கும் சத்தம் எதிரே இருக்கும் அப்பாவுக்குக் கேட்கிறது.

"இத்தன வருசமா இதத்தான் நீங்க மட்டும் சாப்பிட்டீங்களா?"

அப்பாவிடம் பதில் இல்லை. "தம்பி, இங்க இன்னும் ரெண்டு போடுப்பா" என்று கல்லைப் பார்த்துச் சத்தம் கொடுக்கிறார்.