குறைந்தது அளவா, கணக்கா?

நுழையும்முன்

4 ஜிகாபைட் நினைவகம் உண்டு என்று சொல்லி வாங்கிய கணினி, வீட்டிற்கு வந்ததும் 3.24 என்று காட்டுகிறது. 500 ஜிகாபைட் என்று அட்டையில் அச்சிடப்பட்ட வன்தட்டு, 465 என்று காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இவ்வினாவிற்கு விடை காணக் கணினி அறிவும் வேண்டும், கணக்கறிவும் வேண்டும். இரண்டையும் இப்பாடத்தின் வழியே அறிவோம்.

மாணவர்களே!

மட்டாஞ்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கடைக்காரரிடம் மலையாளத்தில் பேசும் பொறுப்பு பிள்ளைகளுக்கே வந்து சேர்கிறது. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கினாலும், அதனைச் சரிபார்க்கும் கண்கள் உங்களுடையவை. கேள்வி கேட்கும் வாயும் உங்களுடையது. அறியாமல் ஐயுற்றால் நேர்மையான வணிகர் ஒருவரைப் பழிக்க நேரும். அறியாமல் நம்பினால் வீட்டுப் பணம் வீணாகும். எனவே, கணினி காட்டும் எண் ஏன் குறைகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

நினைவகமும் சேமிப்பகமும்

பேச்சு வழக்கில் ‘மெமரி’ என்னும் ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். தமிழில் அவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஒன்று நினைவகம், மற்றொன்று சேமிப்பகம்.

மட்டாஞ்சேரி பஜார் சாலையிலுள்ள பழைய பண்டகசாலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் ‘பாண்டிகசாலை’ என்று வழங்கும் சொல், ஒலியிலும் பொருளிலும் நம் ‘பண்டகசாலை’க்கு நெருங்கியது. அங்கே மிளகும் சுக்கும் ஏலக்காயும் மூட்டைகளாக அடுக்கி வைக்கப்படும். இரவில் கதவைப் பூட்டினாலும் அவை அப்படியே இருக்கும். முன்பக்கத்தில் சரக்கைக் கொட்டித் தரம் பிரிப்பதற்கு ஓர் இடம் இருக்கும். வேலை முடிந்ததும் அவ்விடம் கூட்டித் துடைக்கப்பட்டுவிடும்.

உள்ளே மூட்டைகள் இருக்கும் கிடங்கு, கணினியின் சேமிப்பகத்தைப் போன்றது. வன்தட்டு, பென்டிரைவ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. தரம் பிரிக்கும் இடமோ நினைவகத்தைப் போன்றது. மின்சாரம் நின்றவுடன் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். இவ்விரண்டிலும் அளவு குறைந்து தோன்றலாம். ஆனால், அதற்கான காரணங்கள் வேறு வேறானவை.

முதற்காரணம்: ஒரே பெயர், இரண்டு அளவுகள்

முதலில் சேமிப்பகத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் உறவினர் வீட்டு அண்ணன் அக்காமார் சிலர் அதனைப் பெற்றிருக்கலாம். தொடக்கத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் 320 ஜிகாபைட் வன்தட்டு இருந்தது. ஆயினும், விண்டோஸ் இயக்க அமைப்பில் அத்தகைய வன்தட்டின் மொத்த அளவு ஏறத்தாழ 298 என்றே தோன்றும். 22 ஜிகாபைட்டை எவரும் எடுத்துவிடவில்லை. அளக்கும் படியே மாறியிருக்கிறது.

வன்தட்டு செய்வோர் நம்மைப் போலப் பத்துகளால் எண்ணுகின்றனர். அவர்களுக்கு ஒரு ஜிகாபைட் என்பது 100 கோடி பைட். கணினியின் அடிப்படைக் கணக்கோ இரண்டுகளால் ஆனது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 கிடைக்கும். அது ஆயிரத்திற்கு நெருங்கிய எண் ஆதலால், அதனையும் ‘கிலோ’ என்றே அழைத்தனர். இவ்வாறே வளர்ந்து, விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிகாபைட் என்பது 1,07,37,41,824 பைட் ஆயிற்று.

இப்போது கணக்கிடுவோம். 320 ஜிகாபைட் வன்தட்டில் 32,000 கோடி பைட் உள்ளது. அதனை 107.37 கோடியால் வகுத்தால் ஏறத்தாழ 298 வரும். உள்ளே இருக்கும் பைட்டுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. சிறிய படியால் அளந்தபோது 320 படி. பெரிய படியால் அளந்தபோது 298 படி.

கிலோவில் இவ்வேறுபாடு நூற்றுக்கு 2.4 மட்டுமே. மெகாவில் அது ஏறத்தாழ 5 ஆகவும், ஜிகாவில் 7.4 ஆகவும், டெராவில் ஏறத்தாழ 10 ஆகவும் வளர்கிறது. எனவே, வன்தட்டு பெரிதாகப் பெரிதாக, ‘காணாமற்போன’ அளவும் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரே பெயருக்கு இரண்டு அளவுகள் இருப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. ‘மணங்கு’ என்னும் எடையளவு சென்னை வழக்கில் 25 பவுண்டு; வங்காளத்திலோ 82 பவுண்டுக்கும் மேல். ‘பத்து மணங்கு’ என்று மட்டும் எழுதினால், எந்த ஊர் மணங்கு என்று கேட்டே சரக்கை அளக்க வேண்டியிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1956இல் எடை, அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கணினி உலகிலும் 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு, இரண்டின் பெருக்கத்தால் வரும் அளவுகளுக்குக் கிபி, மெபி, கிபி பைட் போன்ற புதுப்பெயர்களைத் தந்தது. எனினும், விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே வழங்குகிறது. ஆப்பிள் மேக் கணினிகள் 2009 முதல் பத்துகளின் கணக்கிற்கு மாறிவிட்டன. ஆகவே, ஒரே வன்தட்டு ஒரு கணினியில் 500 என்றும் மற்றொன்றில் 465 என்றும் தோன்றுகிறது.

இரண்டாம் காரணம்: எண் கிடைக்காத இடம்

நினைவகச் சில்லுகள் இரண்டுகளின் கணக்கிலேயே செய்யப்படுகின்றன. விண்டோஸும் அவ்வாறே எண்ணுகிறது. எனவே, அங்கே படி மாறும் சிக்கல் இல்லை. அப்படியிருக்க 4 ஏன் 3.24 ஆகிறது?

இதற்கு அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பாருங்கள். மட்டாஞ்சேரியின் எண் 682002. மதுரையிலுள்ள தாத்தாவிற்குக் கடிதம் எழுதினால் 625001 என்பது போன்ற ஓர் எண்ணை எழுதுவோம். 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில் ஆறு இலக்கங்கள் உள்ளன. ஆறு இலக்கங்களால் பத்து லட்சம் எண்களை அமைக்கலாம். ஆனால், அவை அனைத்தும் ஊர்களுக்குக் கிடைப்பதில்லை. 9 என்று தொடங்கும் எண்கள் படைவீரர்களின் அஞ்சலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. 0 என்று தொடங்கும் எண் எந்த ஊருக்கும் இல்லை. ஊர்களுக்கு எஞ்சுபவை எட்டு லட்சமே.

கணினியும் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டிற்கும் ஓர் எண் கொடுத்துள்ளது. அதுவே அதன் முகவரி. 32 பிட் அமைப்பில் அந்த எண்ணிற்கு 32 இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. ஆகவே, அமையக்கூடிய எண்கள் 4,29,49,67,296. இது சரியாக 4 ஜிகாபைட்டிற்குப் போதுமானது, ஒன்றுகூட மிகாது.

செயலி திரைக்குப் படத்தை அனுப்பும்போதும், வலையமைப்பு அட்டையுடன் பேசும்போதும் இத்தகைய எண்களையே பயன்படுத்துகிறது. எனவே, படைவீரர்களுக்கு 9 ஒதுக்கப்பட்டதைப் போல, எண்களின் ஒரு பகுதி இச்சாதனங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த எண்கள் நினைவகத்திற்குக் கிடைப்பதில்லை. எண் இல்லாத வீட்டிற்கு அஞ்சல்காரர் எவ்வாறு செல்வார்? 4 ஜிகாபைட்டும் கணினிக்குள் இருக்கிறது. ஆனால், அதில் ஒரு பகுதியை இயக்க அமைப்பால் அழைக்க முடிவதில்லை. சாதனங்கள் கணினிக்குக் கணினி வேறுபடுவதால், ஒன்றில் 3.24 என்றும் மற்றொன்றில் 2.99 என்றும் தோன்றும்.

செயலியும் தாய்ப்பலகையும் இடந்தருமாயின், 64 பிட் இயக்க அமைப்பை நிறுவினால் எண்கள் பெருகும். முகவரியற்றுக் கிடந்த பகுதியும் பயன்பாட்டிற்கு வரும். பழைய கணினி வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

தெரிந்து தெளிவோம்

விண்டோஸ் விஸ்டாவின் முதல் பதிப்பு, பயன்படுத்தத்தக்க நினைவகத்தையே காட்டிற்று. 2008இல் வந்த திருத்தப் பதிப்பு, பொருத்தப்பட்ட முழு அளவைக் காட்டத் தொடங்கியது. திரையில் தோன்றிய எண் கூடிற்று. பயன்படுத்தத்தக்க அளவோ கூடவில்லை!

மூன்றாம் காரணம்: திரைக்கு ஒரு பங்கு

64 பிட் கணினியிலும் 8 ஜிகாபைட் சற்றுக் குறைந்து தோன்றுவதுண்டு. விலை குறைந்த மடிக்கணினிகளில் படங்களைத் திரையில் வரைவதற்கான சில்லுக்குத் தனி நினைவகம் இருப்பதில்லை. அது பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பண்டகசாலையின் ஒரு மூலையில் கணக்கர் மேசை போட்டுக்கொண்டால், அவ்விடத்தில் மிளகைக் கொட்ட முடியாதன்றோ? அது போன்றதே இதுவும். 512 மெகாபைட் இவ்வாறு ஒதுக்கப்பட்டால், 8க்குப் பதிலாக 7.5 என்று தோன்றும். அப்பங்கு வீணாகவில்லை, நீங்கள் பார்க்கும் படமாக உழைக்கிறது.

சேமிப்பகத்திலும் இத்தகைய ஒதுக்கீடு உண்டு. இயக்க அமைப்பும், அது பழுதானால் மீட்பதற்கான மறைபகுதியும் இடம் கொள்ளும். 64 ஜிகாபைட் கைப்பேசியில் முதல் நாளே காலியிடம் குறைந்திருப்பது இதனாலேயே.

உண்மையான குறையும் உண்டு

எல்லாக் குறைவும் இயல்பானது என்று எண்ணிவிடலாகாது. 8 ஜிகாபைட் நினைவகம், இரண்டு 4 ஜிகாபைட் அட்டைகளாக இருக்கலாம். அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலோ, அதன் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்தாலோ, 8 என்பது 4 ஆகிவிடும். இயல்பான ஒதுக்கீடு சிறு பங்கே. பாதி அளவு காணாமற்போனால் அது பழுதாகவோ, சொன்னபடி பொருத்தாமையாகவோ இருக்கலாம். அப்போது தயங்காமல் கேட்க வேண்டும்.

இதனினும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் போலிப் பென்டிரைவ்கள் சில, 1 டெராபைட் என்று அழகாகக் காட்டும். உள்ளே இருப்பதோ 32 ஜிகாபைட்டாக இருக்கலாம். பொய்யான அளவைச் சொல்லுமாறு அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மாற்றப்பட்டிருக்கும். கோப்புகளை இட்டால் ஏற்றுக்கொண்டதைப் போலத் தோன்றும். பின்னர்த் திறந்தால் ஊர்த் திருவிழாப் படங்களும் பாட்டியின் குரற்பதிவும் திறக்க மாட்டா. அளவு குறைத்துக் காட்டிய வன்தட்டு உண்மை சொல்லிற்று. முழுமையாகக் காட்டிய பென்டிரைவ் பொய் சொல்லிற்று.

ஆகவே, எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்தல் கூடாது. அந்த எண் எவ்வாறு வந்தது என்று கேட்டறிய வேண்டும். கணினி வாங்கும்போது பின்வருவனவற்றைச் செய்க.

1. பேசப்படுவது நினைவகமா, சேமிப்பகமா என்று முதலில் தெளிக.
2. சேமிப்பகமாயின் அட்டையில் உள்ள ஜிகாபைட் எண்ணை 0.93ஆல் பெருக்குக. விண்டோஸ் காட்டும் மொத்த அளவு அதற்கு நெருங்கியிருந்தால் ஐயம் வேண்டா.
3. நினைவகமாயின், “சேட்டா, இது 32 பிட்டா, 64 பிட்டா?” என்று பணிவுடன் கேட்க. எத்தனை அட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன என்பதையும் கேட்க.
4. புதிய பென்டிரைவை முழுவதும் நிறைத்து, மீண்டும் திறந்து பார்த்த பின்னரே அரிய கோப்புகளை அதில் சேமிக்க. இவ்வாறு சரிபார்க்க இலவச மென்பொருள்களும் உள்ளன.
5. பொருளின் அளவு குறிக்கப்பட்ட விலைச்சீட்டைக் கேட்டுப் பெறுக.

வேற்று மொழி பேசும் ஊரில் வாழ்வோர்க்குக் கணக்கு நல்ல துணை. அதனை அறிந்தவர் வீணே சண்டையிடவும் வேண்டா. வாய்மூடி இழக்கவும் வேண்டா.

சொற்பொருள்

நினைவகம் – மின்சாரம் உள்ளவரை செய்திகளை வைத்திருக்கும் கணினிப் பகுதி
சேமிப்பகம் – மின்சாரம் நின்ற பின்னும் செய்திகளைக் காக்கும் பகுதி
செயலி – கணினியில் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு
இயக்க அமைப்பு – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
பண்டகசாலை – சரக்குகளை வைக்கும் கிடங்கு
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்

பயிற்சி

1. நினைவகத்திற்கும் சேமிப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டிலுள்ள பொருள்களை உவமையாகக் கொண்டு விளக்குக.
2. 1 டெராபைட் வன்தட்டில் 1,00,000 கோடி பைட் உள்ளது. விண்டோஸ் அதனை எத்தனை ஜிகாபைட் என்று காட்டும்? கணக்கிடுக.
3. அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் கணினியின் முகவரி எண்ணுக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினை எழுதுக.
4. அளவு குறைந்து காட்டும் கணினி பற்றிக் கடைக்காரரிடம் மரியாதையுடன் ஐயம் கேட்கும் உரையாடல் ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.
5. இப்பாடத்தில் அறிந்ததைப் பெற்றோருக்கு எடுத்துரைத்து, வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றின் அளவை அவர்களுடன் சேர்ந்து சரிபார்க்க.