விமானத்தின் கீழே நிற்பவர்



வவுனியாவிலிருந்து இரவோடு இரவாக வேன் பிடித்து, கட்டுநாயக்கவுக்குப் போய், மகனையோ கணவரையோ துஆவோடு வழியனுப்பிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நம் கண்கள் விமானத்தில் ஏறுபவர் மீதே இருக்கும். அந்த விமானத்தின் கீழே நிற்பவரை நாம் கவனிப்பதில்லை. வெளிநாட்டு விமான நிலையத்தில் நாளை உங்கள் மகனுக்குக் கிடைப்பதும் அந்த வேலையாக இருக்கலாம்.

பயணிகள் ஏறும் வாசலில் மூக்கை நீட்டி நிற்கும் விமானம் பொதுவாகத் தானே பின்னால் போவதில்லை. முன்சக்கரத்தில் ஓர் இரும்புத் தண்டைப் பூட்டி, இழுவை வண்டியொன்று அதைப் பின்னே தள்ளும். விமானிக்குத் தன் சக்கரமும் தெரியாது, வாலும் தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டிக் கீழே நிற்பவரே அவருக்குக் கண். இறக்கை நுனிகளை வேறு ஆட்கள் கவனிப்பார்கள். தண்டைக் கழற்றி, வண்டியும் ஆட்களும் ஒதுங்கி, கீழே நிற்பவர் கையை உயர்த்திக் காட்டிய பிறகே விமானம் சொந்தமாக நகர வேண்டும். பஸ்ஸில் கொண்டக்டர் "ரைட்" சொல்வதைப் போலத்தான்.

அந்த "ரைட்" இல்லாமல் போனால் என்ன நடக்கும்?

2015 டிசம்பர் 16. மும்பாய் விமான நிலையத்தில் ஹைதராபாத் செல்லவிருந்த ஏர் இந்தியா விமானம் பின்னே தள்ளப்பட்டு, எஞ்சின்களும் ஓடத் தொடங்கியிருந்தன. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் ஒதுங்குமுன் விமானம் நகர்ந்தது. எஞ்சின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

2022 டிசம்பர் 31. அமெரிக்காவின் மொன்கொமரி நகரில், வந்து நின்ற விமானத்தின் எஞ்சின்கள் இன்னும் அணைக்கப்படவில்லை. கிட்டப் போகவேண்டாமென்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும், பணியாளரான ஒரு பெண் அதன் முன்னே சென்றுவிட்டார். மூன்று பிள்ளைகளின் தாய் அவர்.

தெரிந்தவர்கள் ஏன் தவறுகிறார்கள்? காதை மூடும் கவசம் ஒருபுறம், நாலா பக்கமும் விமானங்களின் இரைச்சல் மறுபுறம். எந்த எஞ்சின் ஓடுகிறது என்பதைக் காது சொல்லாது. வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்கும் சரியாகப் படாது. அதனால்தான் விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது மின்னும் மட்டும் எஞ்சின் ஓடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இதில் நமக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். தூக்கமில்லாத கண்ணும், குழம்பிய மனமும், அவசரமும் அங்கே ஆபத்து. வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்காதீர்கள். வீட்டுக் கடனையும் சண்டையையும் அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லாதீர்கள். இரவு வேலை முடிந்து தூங்குபவரை எழுப்பாதீர்கள்.

அடுத்த முறை அவர் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு இதையும் சொல்லுங்கள்: "சிவப்பு லைட் அணையும் மட்டும் கிட்டப் போகாதீங்க. பிந்தினாலும் பரவாயில்லை."