காட்டிலே கரடியைக் கண்டால்

வில்பத்துவும் யாலவும் 1938ஆம் ஆண்டிலே தேசிய பூங்காக்களாயின. விடுமுறை நாட்களில் அங்கு செல்லும் குடும்பங்கள் யானையைக் கண்டால் அஞ்சுகின்றன. சிறுத்தையைக் கண்டால் வியக்கின்றன. கரடியைக் கண்டாலோ சிறுவர்கள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அதன் சடைமயிரும் அசைந்தாடும் நடையும் அவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றுகின்றன. ஆனால், வன்னிக் காட்டிலே தேனெடுப்போரையும் விறகு வெட்டுவோரையும் கேட்டுப் பாருங்கள். யானையிலும் பார்க்கக் கரடிக்கே அஞ்சுவதாக அவர்களிற் பலர் கூறுவர்.

இத்தனைக்கும் கரடி மனிதனைத் தேடி உண்ணும் பிராணியன்று. கறையானும் தேனும் பழங்களுமே அதன் பிரதான உணவு. ஏறக்குறைய 3 அங்குல நீளமான நகங்களாற் புற்றைத் தோண்டி, மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத வாயினாற் கறையானை உறிஞ்சுகிறது. அவ்வோசை 100 மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். இவ்வாறு புற்றினுள் முகம் புதைத்திருக்கும் வேளையிற் சுற்றிலும் நடப்பதை அது கவனிப்பதில்லை. கண்பார்வையும் குறைவு. மனிதன் திடீரென அருகில் வந்துவிட்டால் திடுக்கிட்டுப் பாய்கிறது. குட்டிகளை முதுகிலே சுமந்து திரியும் தாய்க்கரடியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பசியினாலன்று, அச்சத்தினாலேயே அது தாக்குகிறது. புற்றைப் பிளக்கும் நகங்கள் அப்போது மனிதனின் முகத்தையும் தலையையும் கிழித்துவிடுகின்றன.

ஆகவே, நமது வருகையைக் கரடி முன்னரே அறியச் செய்வதே முதலாவது பாதுகாப்பாகும். காட்டோரப் பாதையில் நடக்க நேர்ந்தால், பலராகச் சேர்ந்து உரக்கப் பேசிக்கொண்டு செல்லவேண்டும். அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் நடவாதிருத்தல் நலம். பூங்காவினுள்ளே, அனுமதிக்கப்பட்ட இடங்களிலன்றி வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. ஆனி, ஆடி மாதங்களையொட்டிப் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், கரடி மரத்தின் மேலும் இருக்கும், கீழும் இருக்கும். படம் பிடிக்கும் ஆவலினால் அதனை நெருங்குதல் கூடாது.

எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாதீர்கள்; மனிதனிலும் விரைவாக அது ஓடும். மரமேறியும் தப்ப இயலாது. பழத்துக்காகவும் தேனுக்காகவும் மரமேறிப் பழகியது அது. முதுகைக் காட்டாது, மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்தே விட்டால், குப்புறப் படுத்து முகத்தை நிலத்தோடு சேர்த்து, இரு கைகளையும் பிடரியிலே கோத்துக்கொண்டு அசையாதிருங்கள். அமெரிக்காவின் கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராடும்படி அந்நாட்டினர் அறிவுறுத்துவர். அந்த அறிவுரை நமது கரடிக்குப் பொருந்தாது. எதிர்த்தால் அதன் அச்சமும் சீற்றமும் பெருகுமேயன்றிக் குறையமாட்டா.

இலங்கையிலே இன்று 1,000க்கும் குறைவான கரடிகளே எஞ்சியுள்ளன என்று மதிப்பிடப்படுகிறது. மனிதரைத் தாக்கிய கரடியை ஊரார் கொன்றுவிடுவதும் உண்டு. ஆதலின், நமது கவனக்குறைவினால் நமக்கு மட்டுமன்றி அதற்கும் கேடு விளைகிறது. பாலைமரத்தடியிலே கரடியைக் கண்டால், வண்டியிலிருந்தவாறே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது வயிறார உண்டு தன் வழியே போகும். நாமும் நம் வழியே திரும்புவோம்.