மட்டை அரைக்கும் இயந்திரம்: உழைப்பது எது?

ஏக்கருக்கு 70 தென்னை. மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழுந்தாலும் வருஷத்துக்கு 840 மட்டை. அதைத் துகளாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட உதவும் இயந்திரத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. டிராக்டர் வேணும்?" அதைவிட முக்கியமான கேள்வி, உள்ளே இருக்கும் கத்தி எந்த இரும்பு என்பதுதான்.

வேலை நடக்கும் விதம் பாக்குவெட்டி போன்றது. சுழலும் கனத்த இரும்புத் தட்டில் கத்திகள். எதிரே அசையாத ஒரு கட்டை. இரண்டுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான். அது அகன்றால் மட்டை வெட்டுப்படாது, நார் நாராகக் கிழிந்து தண்டில் சுற்றிக்கொள்ளும்.

தென்னை மட்டை கத்திக்குப் பொல்லாத எதிரி. அதிலேயே சிலிக்கா உண்டு. தரையில் இழுத்து வருவதால் மணலும் சேரும். சாதாரணப் பட்டை இரும்பில் செய்த கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும். நல்ல பட்டறைகளில் டி2 போன்ற எஃகைப் பயன்படுத்துகிறார்கள்: சுமார் 1.5 சதவீதம் கரி, 12 சதவீதம் குரோமியம். பதமும் சரியாக ஏற வேண்டும். குறைந்தால் மழுங்கும், மிஞ்சினால் ஓர் ஆணி பட்டதும் முனை சில்லாகத் தெறிக்கும்.

சாணை பிடிக்கும்போது முனையைக் கவனியுங்கள். நீலம் ஓடினால் சூட்டில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் விட்டு, அவசரப்படாமல் தீட்ட வேண்டும். எல்லாக் கத்திகளையும் ஒன்றாகத் தீட்டி எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஒன்று இளைத்தால் தட்டு உதறும். அந்த உதறல் பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங் போய்விட்டது என்று வரும் பல இயந்திரங்களில் மூலக் காரணம் கத்தியில்தான் இருக்கும்.

டிராக்டரின் சுழற்சியை இயந்திரத்துக்குத் தரும் பி.டி.ஓ. தண்டை இணைக்கும் இடத்தில் பல இயந்திரங்களில் ஒரு மெல்லிய போல்ட் இருக்கும். கல் சிக்கினால் உடைந்து கியரைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்தது. அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டை மாட்டிவிடாதீர்கள். அடுத்த முறை உடைவது கியர் பெட்டியாக இருக்கும்.

தட்டின் கனம் நல்லது. தடித்த மட்டை வந்தாலும் வேகம் குறையாமல் இழுக்கும். ஆனால் இன்ஜினை அணைத்த பிறகும் அதே கனத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க நின்றதைக் கண்ணால் பார்க்காமல் மூடியைத் திறக்காதீர்கள், கையை உள்ளே விடாதீர்கள்.