திரைக் காப்பும் மணல் துகளும்

ஜார்ஜ்டவுனில் கொம்தாரை ஒட்டியுள்ள பிராங்கின் பேரங்காடியில் கைப்பேசிக் கடைகள் பல உள்ளன. புதிய திறன்பேசி வாங்குபவர் பெரும்பாலும் அதற்கொரு திரைக் காப்பையும் கேட்டு வாங்குவார். காப்பின் உறையில் ‘9 எச்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் வைரத்தின் எண் 10. ஆகவே, இக்கண்ணாடி வைரத்திற்கு அடுத்த நிலையில் உள்ளது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு.

‘9 எச்’ என்பது பென்சிலின் அளவு. ஓவிய வகுப்பில் 2 பி, எச்பி பென்சில்களைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பென்சிலின் கரியில் களிமண் கூடக்கூட அது கடினமாகும். 9 எச் மிகக் கடினமான பென்சில்களுள் ஒன்று. அதைக் கொண்டு அழுத்திக் கீறியும் தடம் விழாத பரப்புக்கு இக்குறியீடு தரப்படுகிறது. மோஸ் அளவுகோலிலோ கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5 முதல் 6 வரைதான். பித்தளைச் சாவி அதைவிட மென்மையானது. அதனால் கண்ணாடியைக் கீறாது. மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் கடினமோ 7. பினாங்குத் தீவின் பாறை கிரானைட். அது சிதைந்து உண்டாகும் மணலில் குவார்ட்ஸ் மிகுதி. பத்து பெரிங்கி கடற்கரைக்குச் சென்று வந்தவரின் காற்சட்டைப் பையில் தங்கிய நாலைந்து துகள்களே திரையில் கோடு போடப் போதும்.

அப்படியானால் காப்பு எதற்கு? அந்தக் கோடு திரையில் விழாமல் காப்பில் விழட்டும் என்பதற்கே. திரையை மாற்றும் செலவு காப்பின் விலையைப்போல் பன்மடங்காகும்.

நெகிழிப் படலம் எளிதில் கீறல்படும். ஆனால் உடையாது, வளைந்த திரையிலும் படியும். கண்ணாடிக் காப்பு அடியைத் தாங்கும். நல்ல கண்ணாடிக் காப்பை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைக்கின்றனர். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடங்களில் புகுந்து நெருக்குகின்றன. நெருக்குண்ட பரப்பில் விரிசல் எளிதில் பரவாது. திரைக்கு அடியில் விரல்ரேகை உணரி உள்ள திறன்பேசிக்குத் தடித்த கண்ணாடி ஒத்துவராமல் போகலாம். கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

ஒட்டும்போது தூசிதான் பெருந்தொல்லை. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர். கைகளைக் கழுவி உலர்த்திய பின், உடன் வரும் ஈரத்தாளால் திரையின் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மென்துணியால் உலரத் துடைக்க வேண்டும். திறன்பேசியைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் எஞ்சிய துகள்கள் தெரியும்; அவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். பிறகு, காப்பின் பின்தாளை உரித்து, கேமராத் துளையைக் குறியாகக் கொண்டு பொருத்தி, நடுவில் ஒரு விரலால் அழுத்தினால் போதும். பசை தானே ஓரங்களுக்குப் பரவும்.

சிறு காற்றுக் குமிழிகளை ஓரத்தை நோக்கித் தள்ளிவிடலாம். குமிழியின் நடுவில் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அது போகாது. காப்பின் ஓரத்தை மெல்லத் தூக்கி, ஒட்டுநாடாவால் அத்துகளை எடுத்த பின்னரே மீண்டும் படியவிட வேண்டும்.